மீனைக் காட்டும் கண்ணாடிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

தூண்டில் போடுபவர்களுக்கென்று விற்கப்படும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. அமெரிக்காவில் மீன்பிடிப்போர் விரும்பி வாங்கும் ‘கோஸ்டா டெல் மார்’ கண்ணாடிகளில் பல 200 டாலரைத் தாண்டும். இரண்டுக்கும் இடையில் வேறுபாடே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீர்ப்பரப்பின் பளபளப்பை அகற்றி, அடியில் நிற்கும் மீனைக் காட்டும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டிலும் அதைச் செய்வது ஒரே வகைப் பொருள்தான்: ஒரு பக்கமாக இழுத்து நீட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதில் ஊறிய அயோடின் அல்லது சாயம். அந்தப் படலம் விலை மலிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூடுதலாகக் கொடுக்கும் பணம் வேறு எதற்கோ போகிறது. அது எதற்கு என்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் பணத்தை மிச்சப்படுத்தலாம், எந்த இடத்தில் மிச்சப்படுத்தக் கூடாது என்பது விளங்கிவிடும்.

முதலில் தண்ணீர் ஏன் மீனை மறைக்கிறது என்று பார்ப்போம். தெளிந்த நீரின் மேல் செங்குத்தாக விழும் ஒளியில் 2 சதவீதம் மட்டுமே திரும்புகிறது. பாலத்தின் மேலிருந்து நேர் கீழே பார்த்தால் ஆற்றின் அடிமணல் வரை தெரிவது அதனால்தான். பார்வை சாயச் சாய, திரும்பும் ஒளி கூடிக்கொண்டே போகிறது. சற்றுத் தொலைவிலுள்ள நீர்ப்பரப்பில் நாம் பார்ப்பது பெரும்பாலும் வானத்தைத்தான். நீருக்குள்ளிருந்து வரும் வெளிச்சமோ மங்கலானது. பிரகாசமான வானத்தின் ஒரு சிறு பங்கு போதும், அந்த மங்கல் உருவத்தை முழுக்க விழுங்கிவிட. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இங்கே உதவாது. அது வானத்தின் பிரதிபலிப்பையும் மீனிடமிருந்து வரும் ஒளியையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. கண் கூசாது, ஆனால் மீன் முன்பு எவ்வளவு மறைந்திருந்ததோ அவ்வளவே மறைந்திருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் இருப்பதை 1808இல் பாரிஸில் எத்தியென் லூயி மாலஸ் கண்டார். ஐஸ்லாந்துப் படிகம் எனப்படும் கால்சைட் துண்டு ஒன்றின் வழியே, எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படிகம் எதையும் இரண்டு உருவமாகக் காட்டும். படிகத்தைத் திருப்பியபோது இரண்டு உருவங்களின் வெளிச்சமும் மாறி மாறிக் கூடிக் குறைந்தது. நேரடியாக வரும் வெயில் அப்படி நடந்துகொள்வதில்லை. கண்ணாடியில் பட்டுத் திரும்பியதாலேயே ஒளிக்கு ஒரு திசைப்பண்பு வந்துவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். பள்ளிப் பாடநூல்கள் இதைத் தளவிளைவு (போலரைசேஷன்) என்கின்றன. 1815இல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர், எந்தக் கோணத்தில் திரும்பும் ஒளி முழுமையாகத் தளவிளைவுறும் என்பதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார்: அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம். தண்ணீருக்கு அந்த எண் 1.33, கோணம், செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 53 பாகை.

ஏன் இப்படி நடக்கிறது? ஒளி என்பது அலையும் மின்புலம். அது நீரின் மேற்பரப்பைத் தொடும்போது அங்குள்ள எலக்ட்ரான்களைத் தன் போக்கில் ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் புதிதாக ஒளியை வெளியிடுகின்றன. அதில் மேல்நோக்கி வருவதே பிரதிபலிப்பு. இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தத் திசையில் ஒரு மின்னூட்டம் ஆடுகிறதோ, அந்தத் திசையிலேயே அது ஒளியை அனுப்ப முடியாது. பக்கவாட்டில்தான் அனுப்பும். நீர்ப்பரப்புக்கு இணையாக, கிடைமட்டமாக ஆடும் எலக்ட்ரான்களுக்கு இதனால் தடை எதுவும் இல்லை. மேலும் கீழுமாக ஆடுபவற்றுக்கோ, 53 பாகைக் கோணத்தில், பிரதிபலிப்பு போக வேண்டிய திசையும் அவை ஆடும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே அந்தப் பங்கு திரும்பவே திரும்பாது. திரும்பி வருவது முழுக்கக் கிடைமட்ட ஒளி.

இதன் மறுபக்கம் இன்னும் அழகானது. அதே சாய்வில் நீருக்குள்ளிருந்து நம் கண்ணை நோக்கி வரும் ஒளியின் செங்குத்துப் பங்கு, மேற்பரப்பில் சற்றும் இழப்பில்லாமல் வெளியே வருகிறது. கிடைமட்ட ஒளியை மட்டும் உறிஞ்சி, செங்குத்து ஒளியை விட்டுவிடும் ஒரு கண்ணாடியை அணிந்தால் வானம் மறைகிறது, மீனிடமிருந்து வரும் ஒளியின் நல்ல பாதி நிற்கிறது. இயற்கை இதைவிட வசதியாக அமைத்துக் கொடுத்திருக்க முடியாது.

அப்படிப்பட்ட கண்ணாடியைச் செய்யத்தான் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1852இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் பேர்ட் ஹெராபாத்தின் மாணவர் ஒருவர், கொய்னா மருந்து கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடினை விட்டபோது பச்சை நிறப் படிகங்கள் தோன்றின. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடத்தில் அவை கருத்தும், மற்ற இடங்களில் வெளிறியும் தெரிவதை நுண்ணோக்கியில் கண்ட ஹெராபாத், தளவிளைவாக்கும் பொருள் ஒன்று கைக்கு வந்துவிட்டதைப் புரிந்துகொண்டார். ஆனால் அந்தப் படிகங்கள் மிகச் சிறியவை, தொட்டால் உடையக்கூடியவை. பெரிதாக வளர்க்க அவரால் முடியவில்லை.

1920களில் ஹார்வர்டில் படிப்பைத் தொடராமல் வெளியேறிய எட்வின் லேண்ட் என்ற இளைஞர், ஹெராபாத்தின் படிகங்களைப் பற்றி எங்கே படித்தார் தெரியுமா? புரூஸ்டர் கலைடாஸ்கோப் பற்றி எழுதிய நூலில். பெரிய படிகம் வளர்க்கும் முயற்சியையே லேண்ட் கைவிட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய படிகங்களைக் கோடிக்கணக்கில் ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள் ஒரே திசையில் நிறுத்தினால் போதும் என்று கண்டு, 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எதிரே வரும் காரின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யாமல் தடுப்பதே அவருடைய முதல் கனவு. கார் நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. கூலிங் கிளாஸ்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது. 1930களின் நடுவில், பாஸ்டன் நகர ஹோட்டல் அறை ஒன்றில் வெயில் படும் சன்னலோரம் தங்கமீன் தொட்டியை வைத்துவிட்டு, கண்ணாடி தயாரிக்கும் அமெரிக்கன் ஆப்டிகல் நிறுவனத்தாரை வரவழைத்தார். பளபளப்பில் மீன் தெரியவில்லை. தளவிளைவுப் படலத் துண்டைக் கையில் கொடுத்தார். மீன் தெரிந்தது, ஒப்பந்தம் முடிந்தது. மீனைக் காட்டியே விற்கப்பட்ட பொருள் இது. 1937இல் அவருடைய நிறுவனத்துக்குப் போலராய்டு என்ற பெயர் வந்தது.

இன்றைய கண்ணாடிகளில் இருப்பது அந்த முதல் படலம் அல்ல. 1938இல் லேண்ட் கண்ட இரண்டாவது வகையின் வழித்தோன்றல். பாலிவினைல் ஆல்கஹால் படலத்தைச் சூடாக்கி ஒரே திசையில் இழுக்கும்போது, தாறுமாறாகச் சுருண்டிருந்த மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசையாக நீள்கின்றன. பிறகு அயோடின் கரைசலில் தோய்த்தால், அயோடின் அணுக்கள் அந்தச் சங்கிலிகளை ஒட்டி வரிசை கட்டுகின்றன. எலக்ட்ரான்கள் அந்த வரிசையின் நீளவாக்கில் எளிதாக ஓட முடியும். குறுக்கே ஓட முடியாது. ஆகவே வரிசைக்கு இணையாக ஆடும் ஒளி உறிஞ்சப்படுகிறது. குறுக்காக ஆடும் ஒளி கடந்து போகிறது. கண்ணாடிச் சட்டத்தில் இந்த வரிசைகளைக் கிடைமட்டமாக வைத்துப் பொருத்துகிறார்கள். செங்குத்தான இடுக்குகள் வழியே ஒளி நுழைந்து வருவதாக வரையப்படும் விளம்பரப் படங்கள் உண்மைக்கு நேர்மாறானவை.

இதே படலம் உங்கள் கால்குலேட்டரின் திரையில் இருக்கிறது, மடிக்கணினியில் இருக்கிறது, எல்சிடி தொலைக்காட்சியில் இருக்கிறது. ஒவ்வொரு எல்சிடி திரைக்கும் பொதுவாக இரண்டு தளவிளைவுப் படலங்கள் தேவை. உலகம் இவ்வளவு பெரிய அளவில் செய்யும் ஒரு பொருளுக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்ல எந்தக் கண்ணாடி நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. ஆனாலும் பளபளப்பை 99 சதவீதம், 99.9 சதவீதம் தடுப்போம் என்று விளம்பரங்கள் போட்டி போடுகின்றன. அந்தக் கடைசிப் புள்ளிகளுக்குப் பணம் கொடுப்பது வீண். ஏன் வீண் என்பதைத் தண்ணீரே கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

புரூஸ்டர் விதியைத் தூண்டில்காரரின் மொழியில் இப்படிச் சொல்லலாம்: நீர்மட்டத்திலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல் 1.33 மடங்கு தொலைவில் உள்ள நீர்ப்பரப்பில்தான் பளபளப்பு முற்றாக மறையும். கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த இடம் 2.1 மீட்டர் தொலைவு. அங்கிருந்து விலக விலக, கண்ணாடியால் தடுக்க முடியாத செங்குத்துப் பங்கும் திரும்பத் தொடங்குகிறது. கண் உயரத்தின் இரு மடங்குத் தொலைவில், திரும்பும் ஒளியில் 8 சதவீதம் செங்குத்து. நான்கு மடங்கில் அது 28 சதவீதம் ஆகிவிடும். பத்து மடங்கில் 40 சதவீதத்தைத் தொடும். அருகே வந்தாலும், கண் உயரத்துக்குச் சமமான தொலைவில் 5 சதவீதம் கசியும். குறையே இல்லாத கண்ணாடியை அணிந்தாலும் இந்த அளவு கடந்து வந்தே தீரும். அலைகளின் சரிவு இதில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் செய்யுமே தவிர, அடிப்படைக் கணக்கு இதுதான்.

ஆகவே தெளிவாகத் தெரியும் பகுதி, கண் உயரத்தின் ஒரு மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரையிலான ஒரு பட்டை மட்டுமே. தரைமட்டத்தில் நிற்பவருக்கு அது காலடியிலிருந்து மூன்று மீட்டரைச் சற்றுத் தாண்டியதுமே முடிந்துவிடுகிறது. அவரே ஏரிக்கரையின் மேலேறி, கண் நீர்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில் இருக்குமாறு நின்றால், அந்தப் பட்டை நான்கிலிருந்து எட்டு மீட்டர் வரை விரிகிறது. ஃபுளோரிடாவின் ஆழமற்ற கடற்பகுதிகளில் மீனைக் கண்ணால் பார்த்துத் தூண்டில் வீசுவோரின் படகுகளில், பின்புறம் ஓர் உயர்ந்த மேடை கட்டி அதில் வழிகாட்டியை நிற்க வைப்பது இதற்காகத்தான். ஒரு மீட்டர் உயரம் கூடுவது தரும் நன்மையை எந்த விலையுயர்ந்த லென்ஸும் தராது.

வெயிலின் கோணத்துக்கும் இதே விதி. சூரியன் தொடுவானத்திலிருந்து 37 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதன் நேர்ப் பிரதிபலிப்பு நம் கண்ணுக்கு மிகச் சரியாக 53 பாகைக் கோணத்தில் வருகிறது. தமிழ்நாட்டில் சூரியன் கிழக்கே நேராக உதிக்கும் மாதங்களில் அது ஏறத்தாழ காலை எட்டே முக்கால் மணி. மாலையில் மூன்றே முக்கால் மணி. கண்ணைப் பறிக்கும் வெள்ளிப் பாதையாக நீரில் கிடக்கும் வெயில், அந்த வேளையில் போலரைஸ்டு கண்ணாடிக்குள் ஏறத்தாழ அணைந்தே போகும். அதிகாலையிலோ சூரியன் தாழ்ந்திருப்பதால், பிரதிபலிப்பு கண்ணாடிக்கு அடங்காது. விடியற்காலையில் கண்ணாடி சரியாக வேலை செய்யவில்லை என்று குறைப்படுபவர்கள் கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

கலங்கிய நீரிலும் அப்படித்தான். மழைக்குப் பின் செம்மண் நிறத்தில் ஓடும் ஆற்றில், மீனை மறைப்பது மேற்பரப்பு அல்ல, நீருக்குள் மிதக்கும் மண். போலரைஸ்டு கண்ணாடி அகற்றுவது மேற்பரப்பின் பளபளப்பை மட்டுமே. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய தெளிந்த நீரில் அதன் பயன் பெரிது. பாம்பனின் ஆழமற்ற பகுதிகளில் கடற்புல் எது, மணல் எது என்று பிரித்துப் பார்க்க முடியும். ஏரி குளங்களில் விரால் தேடுபவர்களுக்கும் உதவும். மேலே செம்மஞ்சளாய்க் கூடித் திரியும் விரால் குஞ்சுகளையும், அவற்றுக்குச் சற்றுக் கீழே காவல் நிற்கும் தாய் தகப்பனையும் கண்ணாடி அழகாகக் காட்டிக் கொடுக்கும். அந்தக் காவல் மீனைப் பிடிக்காதீர்கள். அது போனால் குஞ்சுக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை.

நம் கண்ணுக்கு இந்தக் கண்ணாடி தேவைப்படுகிறது. வேறு சில உயிர்களுக்குப் பிறவியிலேயே இந்தப் பார்வை உண்டு. கணவாய்க்கு நிறங்களைப் பிரித்தறிய முடியாவிட்டாலும் ஒளியின் தளத்தைப் பிரித்தறிய முடியும். ஈசல் போலத் திரளும் மேஃபிளை எனும் நீர்ப்பூச்சி, கிடைமட்டத் தளவிளைவைக் கொண்டே நீர்நிலையை அடையாளம் காண்கிறது. வெயிலில் மின்னும் கரிய தார்ச்சாலை தண்ணீரைவிட வலுவாக அந்த அடையாளத்தைத் தருவதால், அது சாலையில் முட்டையிட்டு அழிவதை 1998இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். படலத்தை நடுவில் வைத்து இருபுறமும் ஒட்டப்படும் லென்ஸ் எதனால் ஆனது என்பதில்தான் விலை தொடங்குகிறது. மலிவான கண்ணாடிகளில் பெரும்பாலும் டிஏசி எனப்படும் டிரைஅசிட்டேட் செல்லுலோஸ் அடுக்குகள் இருக்கும். எடை குறைவு, பார்வைத் தெளிவு போதுமானது. ஆனால் மென்மையானது, உப்பு காய்ந்த கண்ணாடியை லுங்கியில் துடைத்தாலே கீறல் விழும். வெப்பத்தில் அடுக்குகள் ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும். மெருகேற்றிய உண்மையான கண்ணாடி லென்ஸ் மிகத் தெளிவானது, எளிதில் கீறாது. கனமானது, அடிபட்டால் உடையும். பாலிகார்பனேட்டின் ஓரங்களில் நிறச் சிதறல் சற்றுத் தெரியும். ஆனால் அடியைத் தாங்கும். பாறையில் சிக்கிய தூண்டிலை வேகமாக இழுக்கும்போது ஈயக்குண்டு விடுபட்டு முகத்தை நோக்கித் தெறித்து வருவதை, கரையில் நின்று மீன்பிடிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆகவே தூண்டில் வீசுபவருக்கு என் முதல் தேர்வு பாலிகார்பனேட். இங்கே கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். இது கண்ணைக் காப்பாற்றும் செலவு.

இரண்டாவது, சட்டம். பலரும் லென்ஸை மட்டுமே ஆராய்ந்துவிட்டுச் சட்டத்தைத் தோற்றத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தட்டையான, சிறிய சட்டம் அணிந்தால், பக்கவாட்டிலும் மேலிருந்தும் வெயில் உள்ளே புகுந்து லென்ஸின் உட்புறத்தில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புகிறது. முன்னால் வரும் பளபளப்பை 99 சதவீதம் தடுத்துவிட்டு, பின்னால் ஒரு பளபளப்பை உண்டாக்கிக்கொள்வதில் என்ன பயன்? முகத்தை ஒட்டி வளைந்த சட்டம், அகலமான காது கம்பி, மேலே தொப்பியின் முகப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சில நூறு ரூபாய்க் கண்ணாடிகூட, திறந்த சட்டத்தில் பொருத்திய விலையுயர்ந்த லென்ஸைவிட நன்றாகக் காட்டும். பவர் கண்ணாடி அணிபவர்களுக்கு, அதன் மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய போலரைஸ்டு உறைக் கண்ணாடி கிடைக்கிறது. பார்க்க அழகாக இராது. ஆனால் நான்கு புறமும் மூடுவதால், கொடுக்கும் விலைக்குக் கிடைக்கும் பலனில் அதை மிஞ்ச வேறில்லை.

நிறத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசும் அளவுக்குப் பேச ஒன்றுமில்லை. ஆழ்கடலில் நண்பகல் முழுவதும் இருப்பவருக்குச் சாம்பல் நிறம்; கழிமுகம், ஏரி, கரையோரம் என்றால் பழுப்பு அல்லது செம்பு நிறம். நீரிலும் காற்றிலும் அதிகம் சிதறுவது நீல ஒளி. அதைக் குறைப்பதால் பழுப்பில் மணலுக்கும் மீனின் முதுகுக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகும். லென்ஸின் மேலே உள்ள நீல, பச்சை நிற மிரர் பூச்சு தளவிளைவில் எதையும் கூட்டுவதில்லை. கோஸ்டா நிறுவனத்தின் ‘580’ என்ற பெயர், 580 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியை வடிகட்டுவதைக் குறிக்கிறது. சிவப்பும் பச்சையும் தனித்துத் தெரிய அது உதவுகிறது. கண்ணுக்கு இனிமையான காட்சிதான். வசதி உள்ளவர்கள் வாங்கலாம். மீனைப் பார்க்க அது கட்டாயம் அல்ல.

கருமைக்கும் அளவு இருக்கிறது. ஐஎஸ்ஓ 12312-1 என்ற பன்னாட்டுத் தரம், கண்ணாடிகளை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறது. மூன்றாம் வகை, வரும் ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை உள்ளே விடும். நம் வெயிலுக்கு அது சரி. மரநிழல் விழும் ஓடை, மேகமூட்டம் என்றால் 18 முதல் 43 சதவீதம் விடும் இரண்டாம் வகை நல்லது. நான்காம் வகையை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது. போலரைஸ்டு என்று சொல்லிக்கொள்ள, கிடைமட்ட ஒளியைவிடச் செங்குத்து ஒளி எட்டு மடங்கேனும் கூடுதலாகக் கடந்தால் போதும் என்கிறது அந்தத் தரம். லென்ஸின் அச்சு, அதாவது படலத்தின் வரிசைகள் நிற்கும் திசை, 5 பாகைக்கு மேல் பிசகக் கூடாது என்றும் சொல்கிறது. எட்டு மடங்கு என்பது மிகத் தாழ்ந்த வரம்பு. நல்ல படலம் நூறு மடங்கை எளிதாகத் தாண்டும். மலிவுக் கண்ணாடி வாங்கும்போது அது வரம்பின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நாமே சோதித்துக்கொள்ள வேண்டும். கடையில் நின்றபடியே செய்துவிடலாம்.

ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிகளை எடுத்து, ஒன்றின் லென்ஸை மற்றதன் மேல் குறுக்காக, செங்கோணத்தில் பிடித்து வெளிச்சத்தைப் பாருங்கள். மை இருட்டாகவோ, அடர்ந்த ஊதா இருட்டாகவோ ஆனால் படலம் தேறிவிட்டது. பின்னால் இருப்பதை அடையாளம் காணுமளவுக்கு வெளிச்சம் கசிந்தால் வேண்டாம். ஒரே ஒரு கண்ணாடிதான் இருக்கிறது என்றால் கால்குலேட்டர் திரையின் முன் வைத்துத் திருப்பிப் பாருங்கள். செல்பேசியை நம்பாதீர்கள்; கூலிங் கிளாஸ் அணிந்தவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே பல செல்பேசித் திரைகளில் கூடுதல் அடுக்கு சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது, மலிவுக் கண்ணாடிகளில் உண்மையாகவே தவறும் இடம்: அச்சு. கண்ணாடியை அணிந்து, பளபளக்கும் தரையோட்டையோ நிறுத்தியிருக்கும் காரின் மேற்பரப்பையோ பாருங்கள். இடக்கண்ணை மூடி, தலையை மெல்ல இருபுறமும் சாய்த்து, பிரதிபலிப்பு எந்தச் சாய்வில் மிகவும் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வலக்கண்ணை மூடி அதையே செய்யுங்கள். இரண்டு கண்ணுக்கும் தலை நேராக இருக்கும்போதே மங்க வேண்டும். கோணத்துக்கேற்ப எவ்வளவு ஒளி கடக்கும் என்று சொல்லும் மாலஸின் விதிப்படி, அச்சு 5 பாகை பிசகினால் கசிவு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 10 பாகையில் 3 சதவீதம். 20 பாகையில் கிட்டத்தட்ட 12 சதவீதம். இரண்டு லென்ஸும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் பிசகினால் தலையைச் சாய்த்துச் சமாளிக்கலாம். ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் பிசகினால், இரு கண்களும் இருவேறு பளபளப்பைப் பார்க்கும். மூளை இரண்டையும் ஒன்றாக்கத் திணறும். சற்று நேரத்தில் தலை வலிக்கும். இந்தச் சோதனையில் தோற்ற கண்ணாடியை என்ன விலைக்கும் வாங்க வேண்டாம்.

மூன்றாவது சோதனை புற ஊதாக் கதிருக்கு. லென்ஸின் கருமைக்கும் அதற்கும் தொடர்பில்லை, தளவிளைவுக்கும் தொடர்பில்லை. ‘யுவி 400’ என்பது 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுப்பதைக் குறிக்கும், ஆனால் ஒட்டுவில்லை யாரும் அச்சடிக்கலாம். கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கின் கீழ் ரூபாய் நோட்டின் எண்களும் இழைகளும் ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடித்தால் அந்த ஒளிர்வு நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கண்ணாடி ஆபத்தானது. இருட்டில் கண்மணி விரியும். விரிந்த கண்மணிக்குள் தடையின்றிப் புற ஊதா நுழையும்.

இதை ஒரு பொழுதுபோக்கின் துணைக்கருவி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடித்து வாழும் 838 பேரின் கண்களையும், அவர்கள் ஆண்டாண்டாகப் பட்ட வெயிலையும் ஹ்யூ டெய்லர் குழுவினர் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். வாழ்நாளில் கண்ணில் விழுந்த புற ஊதா-பி கதிரின் அளவு இரட்டிப்பானால், கண்புரையின் ஒரு வகை வரும் வாய்ப்பு 1.6 மடங்காகிறது என்று கண்டார்கள். தொப்பியும் கண்ணாடியும் அந்த அளவைக் கணிசமாகக் குறைக்கும். கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரும் டெரிஜியம் நோயும் வெயிலோடு நெருங்கிய தொடர்புடையது. கடலில் வேலை செய்பவர்களுக்கு அது அதிகம்.

நம் கடற்கரையில் ஃபைபர் படகிலும் வள்ளத்திலும் போகிறவர்களில் கண்ணாடி அணிந்து நான் பார்த்தவர்கள் மிகச் சிலர். பொழுதுபோக்குக்காக மாதம் ஒருமுறை தூண்டில் வீசுபவர் லென்ஸின் நிறத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்க, நாள் முழுவதும் நீரிலிருந்து எழும் வெயிலைப் பார்த்துக்கொண்டே பிழைப்பவர் வெறுங்கண்ணோடு போகிறார் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அவருக்கு வேண்டியது விலையுயர்ந்த கண்ணாடி அல்ல. பழுப்பு அல்லது சாம்பல் நிறம், மூன்றாம் வகைக் கருமை, பாலிகார்பனேட் லென்ஸ், பக்கங்களை மூடும் சட்டம், கழுத்தில் மாட்டும் கயிறு, மேலே சொன்ன மூன்று சோதனைகள். இவ்வளவும் கூடிய கண்ணாடி மலிவு விலையிலேயே சாத்தியம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் உயிர்காப்பு உடையோடு இதையும் மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம்; வாங்கும்போது ஒவ்வொன்றின் அச்சையும் ஒருவர் சோதித்துப் பிரித்தெடுத்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை வேண்டும். படகிலுள்ள ஜிபிஎஸ், மீன்காட்டும் கருவி ஆகியவற்றின் எல்சிடி திரைகள் சில கோணங்களில் இந்தக் கண்ணாடிக்குக் கறுப்பாகத் தெரியலாம். முதல் நாளே அதைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் கருவியைச் சற்றுத் திருப்பிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அயோடின் படலத்துக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. வெயிலில் நிற்கும் காரின் முகப்பிலோ படகின் பலகை மேலோ வைக்காமல், கரை வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பை அலசி, ஈரத்தோடு இருக்கும்போதே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் வைத்தால் மலிவுக் கண்ணாடியும் நெடுநாள் உழைக்கும். ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையங்கள் தோன்றினால் அடுக்குகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது மாற்றிவிடுங்கள்.